பத்திரம் மட்டும் என் பேரில்

வேளச்சேரியில் எனக்குச் சொந்தமாக 1,150 சதுர அடி இருக்கிறது. இதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு கனம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்காவது உட்கார இடம் கிடைக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த 1,150-ஐப் பிரித்து மேய்ந்தவர்களுக்கு உண்மை தெரியும். மாடிப்படியில் என் பங்கு, லிஃப்டில் என் பங்கு, ஜெனரேட்டர் அறையில் என் பங்கு, வாட்ச்மேன் கட்டில் போட்டிருக்கும் மூலையில் என் பங்கு, எல்லாவற்றையும் கூட்டி வந்த எண் அது. ‘சூப்பர் பில்ட்-அப் ஏரியா’ என்று அதற்குப் பெயர். கழிக்க வேண்டியதைக் கழித்தால் வீட்டுக்குள் 800 சொச்சம் தேறும். லிஃப்டில் எனக்குப் பாத்தியப்பட்ட அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கால் வைக்கலாம்.

2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இந்தக் கூத்துக்கு முடிவு கட்டப் பார்த்தது. இனிமேல் ‘கார்பெட் ஏரியா’ எவ்வளவு என்று சொல்லித்தான் விற்க வேண்டும். அதாவது வீட்டுக்குள் நிஜமாகப் புழங்கக்கூடிய தரை. எது புழங்கும் இடம் என்பதையும் சட்டமே சொல்லிவிட்டது. வெளிச்சுவர் சேராது, பால்கனி சேராது, திறந்த மாடி சேராது. ஆனால் அறைகளுக்கு நடுவே இருக்கும் உள்சுவர்கள் சேரும். இதைப் படித்ததும், எழுதியவர்களில் ஒருவர்கூடக் குடித்தனம் நடத்தியதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் புழக்கமே பால்கனியில்தான். வாஷிங் மெஷின் அங்கே. காலி சிலிண்டர் அங்கே. துளசி, கற்றாழை, பழைய பேப்பர் கட்டு, மகன் ஆறாம் வகுப்பில் ஓட்டிய சைக்கிள், அம்மா ஊரிலிருந்து லாரி ஏற்றிக் கொண்டுவந்த ஆட்டுக்கல், ‘எடைக்குப் போட மனசு வரல’ என்ற இனத்தில் வரும் மற்ற சகலமும் அங்கே. தலைக்கு மேலே நாலு வரிசைக் கொடி. ஈரச்சேலைகள் தொங்கும் நேரத்தில் பால்கனிக்குள் ஆள் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் குரல் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். இதைப் புழங்கும் இடமில்லை என்கிறது சட்டம். உள்சுவருக்குள் எப்படிப் புழங்குவது என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. எங்கள் வீட்டு மேலிடத்துக்கு, அதாவது என் மனைவிக்கு, அது சட்டென்று பிடிபட்டது. கார்ப்பெண்டரைக் கூப்பிட்டு, வெறுமையாக இருந்த சுவரிலெல்லாம் ஷெல்ஃப் அடித்து ஊறுகாய் ஜாடி அடுக்கியாகிவிட்டது.

வீடு விற்கும்போது கொடுத்த வண்ணப் புத்தகத்தில் இதே பால்கனி வேறு கோலத்தில் இருந்தது. இரண்டு மூங்கில் நாற்காலி, நடுவில் கண்ணாடி மேஜை, மேஜைமேல் ஆவி பறக்கும் கோப்பை. ஒரு மனிதர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சூரியோதயம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் நான்தான் என்று நம்பி இருபது வருஷக் கடனில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பால்கனி மேற்குப் பார்த்தது. அந்த ஆள் அங்கே என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

குடிவந்த கையோடு திருடனுக்காக இரும்புக் கிரில் போட்டோம். அப்புறம் புறாவுக்காக வலை. அப்புறம் வெயிலுக்காக மூங்கில் தட்டி. கடைசியில் பால்கனி என்று தனியாகச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் அதுவும் ஓர் அறையாகிவிட்டது. இதற்காக நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் பெசாக் என்ற ஊரைப் பற்றிப் படித்தேன். பிரான்ஸில் போர்டோ நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சண்டிகரைக் கட்டிக்கொடுத்த அதே லெ கொர்புசியே, 1920-களில் ஒரு சர்க்கரை முதலாளிக்காக அங்கே தொழிலாளர் குடியிருப்பு கட்டினார். தட்டையான கூரை, திறந்த மாடி, சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீளும் ஜன்னல், எல்லாம் அதி நவீனம். குடிவந்த ஜனங்கள் என்ன செய்தார்கள்? நீள ஜன்னலைப் பாதி அடைத்தார்கள். திறந்த மாடியைச் சுவர் வைத்து மூடினார்கள். தட்டையான கூரைமேல் சரிவுக் கூரை போட்டார்கள். பிலிப் பூதோன் என்பவர் வீடுவீடாகப் போய் இதையெல்லாம் ஆராய்ந்து 1969-இல் புத்தகமே எழுதிவிட்டார். பெசாக்காரர்கள் யாரும் வேளச்சேரிக்கு வந்ததில்லை, எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. ஞானம் தானாக உதித்திருக்கிறது. 2016-இல் யுனெஸ்கோ அந்தக் குடியிருப்பைப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. எங்கள் பால்கனிக்கு அந்த ஆபத்து இல்லை என்று நினைக்கிறேன்.

அந்த கொர்புசியேயிடம் பாரிஸில் வேலை பார்த்தவர் நம் பாலகிருஷ்ண தோஷி. 2018-இல் பிரிட்ஸ்கர் பரிசு வாங்கினாரே, அவர்தான். குருநாதர் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டோ என்னவோ, இந்தூரில் ஆரண்யா குடியிருப்பைத் திட்டமிட்டபோது ஏழைகளுக்கு அஸ்திவாரமும் கழிப்பறையும் தண்ணீர் வசதியும் கொடுத்துவிட்டு, மீதியை அவரவர் கையில் காசு வரவர அவரவர் இஷ்டப்படி கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். எப்படியும் இடித்து மாற்றப்போகிறார்கள், நாம் ஏன் முழுசாகக் கட்டுவானேன்! இந்தியக் குடும்பங்களைப் புரிந்துகொண்ட ஒரே கட்டடக் கலைஞர் அவர் என்பது என் கட்சி.

ஹாலின் கதை இன்னும் பெரிசு. பதினாலுக்குப் பத்து. விடிகாலையில் அது அம்மாவின் பூஜை அறை. பூஜை அறை என்று தனியாக ஒன்று பிளானில் இருந்தது. அதில் அரிசி மூட்டையும் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியும் குடியேறிவிட்டதால் சாமி ஹால் அலமாரிக்கு வந்துவிட்டார். ஆறரைக்கு அரிவாள்மனை வரும், டி.வி.யில் ராசிபலன் ஓட ஓட வாழைக்காய் நறுக்கப்படும். ஒன்பதரைக்கு அது மகளின் ஆபீஸ். 2020 ஊரடங்கில் தற்காலிகமாக வந்த ஆபீஸ் அது. ஊரடங்கு போய்விட்டது, ஆபீஸ் வாரத்தில் பாதி நாள் இங்கேயே தங்கிவிட்டது. கேமராவில் தெரிகிற பகுதி மட்டும், அதாவது ஒரு சுவர், ஒரு தொட்டிச் செடி, மூன்று இங்கிலீஷ் புத்தகம், அமெரிக்காக்காரர்கள் பார்க்கும்படி இருக்கும். அந்தச் சதுரத்துக்குள் என் தலை தெரிந்துவிடக் கூடாது என்பதால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தவழ்ந்துதான் நான் பாத்ரூமுக்குப் போகிறேன். கம்பெனியின் காலாண்டுக் கூட்டம் நடக்கும்போது ஒரு குடும்பத் தலைவர் தரையோடு தரையாக ஊர்ந்து போவது டெக்ஸாஸில் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் மேலிடத்தின் எட்டாம் வகுப்புக் கணக்கு டியூஷன். ஏழு மணிக்கு மேல் அம்மாவின் சீரியல்கள். பத்து மணிக்கு சோபா சுவரோரம் ஒதுங்க, பாய் விரிய, மகனின் படுக்கையறை.

சோபாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று பேர் உட்காரலாம் என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். வாங்கிய நாளிலிருந்து அதில் உட்கார்ந்திருப்பது துணி. கொடியிலிருந்து எடுத்த, மடிக்காத துணி. நாங்கள் மடிக்கும் வேகத்தைவிட சென்னை வெயில் காயவைக்கும் வேகம் அதிகம் என்பதால் அந்தக் குவியல் ஏறுமே தவிர இறங்காது.

அழைப்பு மணி அடித்ததும் நடப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். மேலிடம் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, “இதோ வர்றேன்!” என்று தேனாகக் குரல் கொடுக்கும். அதே மூச்சில் எங்கள் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்து, “எடுங்க, எடுங்க, எடுங்க!” என்னும். குவியலுக்கு அடியில் எப்போதும் ஒரு பெட்ஷீட் விரித்திருக்கும், இதற்காகவே. நான் இரண்டு முனை, மகன் இரண்டு முனை. தூக்கி, முடிச்சுப் போட்டு, ஒரு சாக்ஸ்கூட உதிராமல் படுக்கையறைக் கட்டிலில் சேர்த்து, கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்து, காலையிலிருந்து அந்தச் சோபாவிலேயே சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் முகத்தோடு நான் உட்காருவேன். மூச்சு மட்டும் வாங்கும். வந்தது கூரியர் என்றால் முடிச்சு மறுபடி சோபாவுக்கு வந்து அவிழும்.

சொந்தக்காரர்கள் வந்தால்தான் வினை. காபி குடித்து முடித்ததும், “வீட்டைச் சுத்திப் பாக்கலாமா?” என்பார்கள்.

“அந்த ரூம்ல பையன் தூங்கறான்” என்று மேலிடம் சொல்லும். பையன் பக்கத்தில் நின்று மிக்ஸர் தின்றுகொண்டிருப்பான்.

எட்வர்ட் ஹால் என்று ஓர் அமெரிக்க மானுடவியலாளர். பெயரிலேயே ஹால் இருப்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. மனிதர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதை ஆராய்ந்து 1966-இல் ஒரு புத்தகம் போட்டார். ஒன்றரை அடிக்குள் வர நெருங்கியவர்களுக்கு மட்டும் அனுமதி. நாலடி வரை நண்பர்கள். பன்னிரண்டு அடி வரை அறிமுகமும் அலுவலும். அதற்கு அப்பால் பொதுஜனம். தான் பார்த்தது அமெரிக்க நடுத்தர வர்க்கத்தை, ஊருக்கு ஊர் இது மாறும் என்று அவரே சொல்லியும் வைத்தார், புத்திசாலி. வேளச்சேரியிலிருந்து தரமணிக்கு ஷேர் ஆட்டோவில் போகிறவரின் ஒன்றரை அடிக்குள் நாலு பேர், ஒரு டிபன் கேரியர், ஒரு பூக்கூடை, டிரைவரின் பாதி உடம்பு எல்லாம் அடக்கம். எங்கள் ஹாலில் பன்னிரண்டு அடி தள்ளி உட்கார வேண்டுமானால் யாராவது ஒருவர் டி.வி.மேல் ஏறித்தான் உட்கார வேண்டும்.

அடிக்கணக்கு இல்லையே தவிர எல்லை எங்களுக்கும் உண்டு. கூரியர் பையன் கிரில் கேட்டுக்கு வெளியே. மெயின்டனன்ஸ் பணம் வாங்க வரும் வாட்ச்மேன் செருப்பு ஸ்டாண்ட் வரை. என் ஆபீஸ் நண்பர்கள் சோபா வரை. சிலிண்டர் போடுகிறவர் மட்டும் யாரையும் கேட்காமல் நேராக அடுப்பங்கரைக்குப் போவார். மேலிடத்தின் அக்கா வந்தால் படுக்கையறைக்குப் போய், துணி மூட்டையை ஓரமாகத் தள்ளி, கட்டிலில் கால் நீட்டிப் படுத்துவிடுவார். அவரிடம் மறைக்க எங்களிடம் ரகசியம் ஏதும் இல்லை.

கும்பகோணம் பக்கம் அப்பா வளர்ந்த வீட்டில் இதெல்லாம் சுவர் வைத்தே கட்டியிருந்தது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், கொல்லை என்று வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோடு. வருகிறவரின் நெருக்கத்தைப் பொறுத்து ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் நிற்பார்கள். திண்ணையின் ஒரு கோடியில் தலை வைக்கத் தோதாகச் சிமெண்டிலேயே சரிவாக மேடு எழுப்பியிருக்கும். யார் எவர் என்று தெரியாத வழிப்போக்கன்கூட அதில் தலை வைத்துத் தூங்கிவிட்டுப் போகலாம். திண்ணையிலேயே பள்ளிக்கூடம் நடந்த காலமும் உண்டு. திண்ணையை நினைத்து உருகும் கட்டுரைகள் தமிழில் ஏராளம். நானும் ஒன்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் எந்த வழிப்போக்கன் திண்ணையில் ஏறலாம், எவன் தெருவோடு நிற்க வேண்டும் என்பதற்கும் சாதி பார்த்து எழுதாச் சட்டம் ஒன்று இருந்தது. உருகுகிறவர்கள் பெரும்பாலும் ஏறி உட்கார்ந்தவர்களின் பேரன்கள். எங்கள் ஃப்ளாட்டின் அழைப்பு மணி யார் விரல் வைத்தாலும் அடிக்கிறது. துணி மூட்டை எல்லோருக்காகவும் சமமாகத் தூக்கப்படுகிறது.

சரி, எந்த இடம் யாருக்கு என்று எப்படி முடிவாகிறது? நம் ஊரில் அதற்கு ஒரே சட்டம்தான்: துண்டு. பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு உள்ளே விழும். துண்டு இல்லாதவர் பையைப் போடுவார், பை இல்லாதவர் செய்தித்தாளைப் போடுவார். அவசரத்தில் குழந்தையையே ஜன்னல் வழியாக உள்ளே இறக்கியவர்களும் உண்டு. படியேறி முண்டியடித்து முதலில் வந்தவன் அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் பஸ்ஸே அவனைக் கேள்வி கேட்கும். “துண்டு கெடக்குது, தெரியல?” கல்யாணப் பந்தியிலும் இதே நியாயம்தான், இலை முன்னால் கிடக்கும் ஒரு கைக்குட்டையை மீறி யாரும் உட்கார மாட்டார்கள். சட்டப் புத்தகத்தில் இல்லாத இந்தச் சட்டத்துக்கு இருக்கும் மரியாதை, புத்தகத்தில் இருக்கும் எதற்கும் இந்த நாட்டில் கிடையாது.

எங்கள் வீடு நடப்பதும் இதன்படிதான். டி.வி.க்கு நேர் எதிர் நாற்காலியில் அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு இருக்கும்; அம்மா ஊருக்குப் போனாலும் அந்த நாற்காலி அம்மாவுடையது. ஃபேனுக்கு அடியில் மகனின் சார்ஜர். பிளக் பாயிண்ட் அருகே மகளின் லேப்டாப் பை. சாப்பாட்டு மேஜையில் நிரந்தரமாக மேலிடத்தின் விடைத்தாள் கட்டு, அதனால் நாங்கள் சாப்பிடுவது தரையில். இந்த நியாயம் பிடிபட்ட பிறகு நானும் ஜன்னலோர நாற்காலியில் துண்டு போட்டுப் பார்த்தேன். அது துவைக்கப் போய்விட்டது.

எதிர்வீட்டு மாமி இதில் என்னைவிடத் தேர்ந்தவர். எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவே நாலடி அகலத்தில் ஒரு நடைபாதை. மார்கழி முதல் தேதி மாமி தன் வாசலில் ஐந்து புள்ளிக் கோலம் போட்டார். அடுத்தடுத்த நாளில் ஏழு, ஒன்பது, பதினொன்று. தை பிறந்தபோது படிக்கோலம் ஒன்று எங்கள் மிதியடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கோலத்தை மிதிக்க முடியுமா? ஓரமாக, சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்குள் போக நாங்கள் பழகிக்கொண்டோம். தை முடிந்து கோலம் சுருங்கியபோது அந்த இடத்தில் ஒரு செருப்பு ஸ்டாண்ட் நின்றது. “இவ்வளவு நாளா நீங்க அந்தப் பக்கம் நடக்கறதில்லியே சார்” என்றார் மாமி. எந்த கோர்ட்டுக்குப் போனாலும் அவர் பக்கம்தான் தீர்ப்பு வரும்.

கோர்ட் என்றதும் கார் பார்க்கிங் நினைவு வருகிறது. தூண்களுக்கு நடுவே எனக்கென்று மஞ்சள் பெயின்ட்டில் ஃப்ளாட் நம்பர் போட்ட கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் என் காரைத் தவிர எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். முதல் மாடியில் வளைகாப்பு என்றால் கேட்டரிங்காரர்களின் அண்டாவும் அடுப்பும் அங்கே. மற்ற நாட்களில் வாட்ச்மேன் மனைவி காயப்போட்ட மிளகாய். பள்ளி விடுமுறையில் கிரிக்கெட். தூண்தான் ஸ்டம்ப். கார்மேல் பந்து பட்டால் அவுட், செயலாளரின் கார்மேல் பட்டால் ஆட்டமே முடிந்தது. தூண் தளத்தில் உள்ள பார்க்கிங் பொது இடம், அதைப் பில்டர் தனியாக விற்க முடியாது என்று மும்பை வழக்கு ஒன்றில் 2010-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நானோ இந்தக் கட்டத்துக்குத் தனியாகக் காசு கொடுத்தவன். தீர்ப்பு வந்த செய்தித்தாள் துண்டை அசோசியேஷன் கூட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சத்தம் போட்டு வாசித்தேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். “ஆக, அது உங்க இடம் இல்லைனு நீங்களே ஒத்துக்கறீங்க” என்றார் செயலாளர். அன்று சாயங்காலமே அங்கே ஒரு கேரம் போர்டு வந்துவிட்டது.

மழைக்காலத்தில் அந்தக் கட்டத்தை யாரும் கேட்பதில்லை. வேளச்சேரியின் ஏரி அதை எடுத்துக்கொள்ளும். ஏரி இருந்த பக்கமெல்லாம் வீடு கட்டிக் குடியேறியவர்கள் நாங்கள். துண்டு முதலில் போட்டது ஏரிதான் என்பதை 2015 டிசம்பர் எங்களுக்குக் காட்டியது. அதிலிருந்து ஊர் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. கனமழை எச்சரிக்கை வந்தால் காரை வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட வேண்டும். 2024 அக்டோபரில் பாலத்தின் ஓரம் முழுக்க வரிசையாகக் கார்கள் நின்ற படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அந்த வரிசையில் என்னுடையதும் ஒன்று. வாகனங்கள் நிற்காமல் போவதற்காகக் கட்டிய பாலம், வாகனங்களை நிறுத்துவதற்கு இத்தனை வாகாக அமையும் என்று கட்டிய பொறியாளர் நினைத்திருக்க மாட்டார். நல்ல காற்று. கீழே போகிற தண்ணீரை மேலிருந்து பார்க்கலாம். எங்கள் குடியிருப்புக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். கூட்டம் போட்டால் ஒருநாளும் சேராத கோரம் அன்று சேர்ந்தது. மஞ்சள் பெயின்ட் இல்லை, நம்பர் இல்லை, ஒரு சண்டை இல்லை. இந்த நகரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதியான பார்க்கிங் அரசாங்கம் கொடுத்ததுதான்.

இவ்வளவையும் தாங்கிக்கொள்வேன், நவராத்திரியைத் தவிர. புரட்டாசி அமாவாசைக்கு முன்பே கொலுப்படி பேச்சு தொடங்கிவிடும். படி ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். ஐந்து போதும் என்பேன் நான், ஒன்பது என்பார் அம்மா, ஏழில் சமாதானம் ஆகும். ஏழு படிக்கு ஏது பலகை? அடியில் அம்மாவின் டிரங்குப் பெட்டி, அதன்மேல் டீப்பாய், பின்னால் மடக்கு மேஜை, உச்சிப்படிக்கு என் புத்தக அலமாரி. வெள்ளை வேட்டி போர்த்தியதும் என் நூலகம் இமயமலையாகி, அதன்மேல் சிவபெருமான் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார். பத்து நாளைக்கு எந்தப் புத்தகத்தையும் உருவ முடியாது. உருவினால் கைலாயம் சரியும். தரையில் பார்க் ஒன்று முளைக்கும். அதில் குளம், பாலம், பெஞ்சு, பெஞ்சில் காற்று வாங்கும் பொம்மைகள். செட்டியார் பொம்மையைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரியும். முன்னால் அரிசி, பருப்பு, மிளகாய் எல்லாம் கிண்ணம் கிண்ணமாக வைத்து ஒன்றரை அடிக்குத் தனிக் கடை பரப்பி, தொந்தியோடு சாய்ந்திருக்கிறார். ஒரு ரூபாய் தவணை கட்டியதில்லை.

வெற்றிலை பாக்குக்குப் பெண்கள் வர ஆரம்பித்ததும் வீட்டு ஆண்கள் வெளியேற வேண்டும். சுண்டல் மட்டும் கிண்ணத்தில் கைமாறி வெளியே வரும். மொட்டை மாடிக்குப் போகலாம் என்றால் அது பூட்டியிருக்கும். வடாம் காய வைப்பதும் நிலா பார்ப்பதும் யாருக்கும் முடியாதபடி சாவி செயலாளர் இடுப்பில். அப்படித் துரத்தப்பட்ட ஒரு மாலையில், கையில் சுண்டலோடு, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடத்தைப் பார்த்தேன். லிஃப்ட் வந்த பிறகு அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. ஆறடிக்கு நாலடி. ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். காற்று அப்படி வந்தது. போய் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து வந்து போட்டேன். சூப்பர் பில்ட்-அப் கணக்கில் இதிலும் எனக்குப் பங்கு உண்டல்லவா.

மறுநாள் மூன்றாம் மாடி ரிடையர்டு பேங்க் அதிகாரி ஒரு பிளாஸ்டிக் சேரோடு வந்தார். அவர் வீட்டிலும் கொலு. அப்புறம் நாலாம் மாடி வாத்தியார், பின்னல் கிழிந்த பிரம்பு நாற்காலியோடு. ஜன்னல் ஆணியில் ஒரு நாள்காட்டி தொங்கியது. யார் மாட்டியது என்று தெரியாது. “சார், மேல் வீட்ல யாரும் இல்ல” என்று கூரியர் பையன் பார்சலை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தான். வெளியே போகிறவர்கள் வீட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பாலன்ஸ் ஷீட்டுக்கு வங்கிக்காரரையும் இலக்கணத்துக்கு வாத்தியாரையும் பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் பேனாவுக்கு இங்க் கேட்டார்கள். சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் அம்மா ஒரு முறம் நிறைய மொச்சையோடு படியிறங்கி வந்தார்.

“காத்து வருதேடா இங்க!” என்று சொல்லிக்கொண்டே என் நாற்காலியில் உட்கார்ந்தார். கூடவே மூக்குக்கண்ணாடிக் கூட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தார். நான் படியில் உட்கார்ந்தேன்.

பின்னாலேயே மேலிடமும் வந்தது, கையில் முருங்கைக் கீரைக் கட்டு. “சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, இதை உருவி வைங்க.” அதைப் பார்த்த எதிர்வீட்டு மாமி, “சார், இதுவும் கொஞ்சம்தான்” என்று தன் வீட்டு முளைக்கீரையையும் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

செயலாளருக்கு விஷயம் எட்டாமல் இருக்குமா? ‘பொது இடத்தில் நாற்காலி ஆக்கிரமிப்பு’ என்று நோட்டீஸ் போர்டில் அவசரக் கூட்ட அறிவிப்பு வந்தது. கூட்டம் வழக்கமாக அவர் வீட்டு ஹாலில்தான் நடக்கும். அங்கே ஒன்பது படி. பார்க்கிங்கில் போடலாம் என்றால் என் கட்டத்தில் யார் வீட்டுக்கோ பந்தி ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் கூட்டம் எங்கள் திருப்பத்திலேயே கூடியது. வங்கிக்காரர் எழுந்து செயலாளருக்குப் பிளாஸ்டிக் சேரைக் கொடுத்தார். பொருளாளருக்குப் பிரம்பு நாற்காலி. செயலாளர் உட்கார்ந்தார், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார், சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தீர்மானத்தை ஒரு தரம் மனசுக்குள் படித்துவிட்டு மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டார்.

“அடுத்த மாசமும் கூட்டத்தை இங்கயே வெச்சுக்கலாமே. இன்னும் ரெண்டு சேர் மட்டும் போட்டா தேவலை. என்ன சொல்றீங்க?”

கீரைத் தட்டோடு நின்றபடியே நான் வழிமொழிந்தேன்.